இதரச் செலவுகள்

ஜூன் 3, திங்கள்

வங்கியின் ஒப்புதல் கடிதம் இன்று வந்து சேர்ந்தது. நிதி நிறுவனத்தில் உள்ள வீட்டுக் கடனை அவர்களிடம் மாற்றிக்கொள்ளலாம். வட்டி பதினொன்றே காலிலிருந்து எட்டரைக்கு இறங்கும்.

கடிதம் ஜூலை 31 வரை செல்லும். அதன்பின் புதிய விண்ணப்பம், புதிய சம்பளச் சீட்டு. கல்லூரி நிர்வாகம் இந்த மாதம் முதல் ஆசிரியர்களுக்குப் பாதிச் சம்பளம் என்று சுற்றறிக்கை விட்டிருக்கிறது. சென்ற ஆண்டு இயந்திரவியல் துறையில் சேர்ந்த மாணவர்கள் ஒன்பது பேர். ஆகவே சுற்றறிக்கையைக் குறைசொல்ல எனக்கு வாதம் இல்லை. பாதிச் சம்பளத்தைக் காட்டினால் எந்த வங்கியும் கடன் தராது. பாதிச் சம்பளத்தை வைத்துக்கொண்டு இப்போதைய தவணையைக் கட்டவும் முடியாது. ஜூலை 31க்குள் கடன் மாறினால் வீடு தங்கும். மாறாவிட்டால் சில மாதங்களில் நிறுவனம் வாசலில் நோட்டீஸ் ஒட்டும். நிலைமை இவ்வளவு தெளிவாக இருப்பதில் ஒரு நிம்மதி உண்டு.

கடிதத்தின் கடைசி வரி: "சட்ட மற்றும் இதரச் செலவுகள் விண்ணப்பதாரரைச் சார்ந்தது." சார்ந்தவை என்றிருக்க வேண்டும். கையெழுத்திட்டு அனுப்பினேன்.

ஜூன் 6, வியாழன்

வங்கிக்குப் போனேன். கடன் பிரிவு அதிகாரி கிஷோர் என்னிடம் படித்தவர்களின் வயதுடையவர். வட்டி எவ்வளவு மிச்சமாகும் என்பதைக் கணினியில் வண்ணப் படமாகக் காட்டினார். இதரச் செலவு எவ்வளவு என்று கேட்டதும் படம் மறைந்தது.

"அது போகப் போகத் தெரியும் சார். ஒவ்வொரு கேஸுக்கும் மாறும்."

தோராயமாகவேனும் சொல்லும்படி வற்புறுத்தினேன். வங்கியின் வழக்கறிஞருக்குக் கட்டணம். அவர் வங்கிக்காகவே பார்ப்பார், பணம் நான் தர வேண்டும். வீட்டை மதிப்பிட வருபவருக்குக் கட்டணம். வில்லங்கச் சான்று முப்பது ஆண்டுகளுக்கு. பழைய அடமானம் தீர்ந்தது என்று பதிவதற்கு ஒரு கட்டணம், அதே வீட்டைப் புதிதாக அடமானம் வைத்ததற்கு முத்திரைத் தீர்வை. வெளியேறவும் கட்டணம், நுழையவும் கட்டணம். ஐம்பத்தைந்து வயதில், வெப்ப இயக்கவியலில் முனைவர் பட்டம் பெற்ற நான், வட்டி விழுக்காட்டை மட்டும் ஒப்பிட்டுவிட்டு இந்த முடிவை எடுத்திருக்கிறேன். இழப்பைக் கணக்கில் கொள்ளாமல் எஞ்சினின் திறனை எழுதும் மாணவனுக்கு நான் பூஜ்யம் போடுவது வழக்கம்.

மாலை: தண்ணீர் மோட்டார் பழுது. நாளை ஆள் வருவான்.

ஜூன் 7, வெள்ளி

ஆள் வரவில்லை.

ஜூன் 12, புதன்

வங்கியின் வழக்கறிஞர் செண்பகவல்லியின் அலுவலகம் நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில், மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது. முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். என் கோப்பை என் கண்ணெதிரிலேயே பக்கம் பக்கமாகப் படித்தார்.

வீடு என் மனைவி வளர்மதியின் பெயரில் வாங்கியது. கடன் இருவர் பெயரிலும். அவள் இறந்து இரண்டு ஆண்டுகளும் சில மாதங்களும் ஆகின்றன. உயில் எழுதவில்லை. எனவே வாரிசுச் சான்றிதழ் கேட்டார், கொடுத்தேன். அதில் இரண்டு பெயர்கள் உள்ளன. வரிசை எண் 1, கணவர்: நான். வரிசை எண் 2, மகள்.

நான் விண்ணப்பித்தபோது எழுதியது ஒரு பெயரைத்தான். கிராம நிர்வாக அலுவலர் அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்கிறார். எதிர்வீட்டார் இரண்டாவது பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். எதிர்வீட்டாருடன் நான் இப்போது பேசுவதில்லை.

வரிசை எண் 2 எங்கே இருக்கிறார் என்று கேட்டார். இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்து, உரிய ஆவணத்தைக் கொண்டு போயிருந்தேன். ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாளிதழில் வந்த பொது அறிவிப்பு. கத்தரித்து லேமினேஷன் செய்து வைத்திருக்கிறேன். "எங்கள் மகள், எங்கள் விருப்பத்துக்கு மாறாக எங்கள் சமூகத்தைச் சேராத ஒருவருடன் வெளியேறிவிட்டபடியால், இன்று முதல் அவருக்கும் எனக்கும் என் மனைவி வளர்மதிக்கும் எவ்வித உறவும் இல்லை என்பதையும், எங்கள் சொத்துகளில் அவருக்கு எவ்வித உரிமையும் கிடையாது என்பதையும் இதனால் பொதுமக்களுக்கு அறிவிக்கிறோம்." வாசகத்தை வழக்கறிஞர் எழுதவில்லை. நான் எழுதினேன். பிழை கிடையாது.

செண்பகவல்லி அதை வாங்கிப் படித்தார். மேசைமேல் வைத்தார்.

"சார், பேப்பர்ல போட்டா மகள் இல்லைன்னு ஆயிடாதுங்க. உங்க சம்சாரம் சொத்துல அவங்களுக்குப் பாதி. இன்னைக்கும் பாதி."

முறைப்படி வழக்கறிஞர் மூலம் வெளியிடப்பட்ட அறிவிப்பு என்றேன்.

"அந்த வக்கீல் ஃபீஸ் வாங்கிட்டாருங்களா?"

வாங்கினார் என்றேன்.

"அப்ப அவருக்குத் தெரியுங்க."

பிறகு அவர் சொன்னதைச் சுருக்கமாகக் குறிக்கிறேன். அறிவிப்பை நான் காட்டாமல் இருந்திருந்தால், வரிசை எண் 2 கடன் பத்திரத்தில் ஒப்புதல் கையெழுத்துப் போட்டாலே போதும் என்று எழுதியிருப்பார். குடும்பத்தில் தகராறு உண்டு என்பதற்கு நானே சான்று கொடுத்துவிட்டதால் இனி அது போதாது. வரிசை எண் 2 தன் பாதிப் பங்கை எனக்கு விட்டுக்கொடுத்து, விடுதலைப் பத்திரம் எழுதி, நேரில் வந்து பதிய வேண்டும். அதற்கு முத்திரைத் தீர்வை தனி, பதிவுக் கட்டணம் தனி, எழுத்தர் கூலி தனி.

"பார்த்துட்டேன் சார். பார்க்காத மாதிரி எழுத முடியாதுங்க."

லேமினேஷன் செய்ததைத் திருப்பித் தந்தார்.

ஜூன் 15, சனி

அந்த அறிவிப்பில் வளர்மதியின் பெயரைச் சேர்த்தது பற்றிச் செண்பகவல்லி கேட்டார்: அவர் சம்மதித்தாரா என்று. அவள் ஆட்சேபிக்கவில்லை. அன்று அவள் எதுவுமே பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. ஆட்சேபம் இருந்தால் பேசியிருப்பாள்.

மோட்டார் சரிசெய்யப்பட்டது.

ஜூன் 19, புதன்

வேறு வழி உண்டா என்று இரண்டு வழக்கறிஞர்களிடம் கேட்டேன். ஒருவர், மகளைக் காணவில்லை என்று வழக்குப் போடலாம், மூன்று ஆண்டு ஆகும் என்றார். இன்னொருவர் சிரித்தார். இருவரும் ஆலோசனைக் கட்டணம் பெற்றுக்கொண்டார்கள்.

ஜூன் 20, வியாழன்

நிதி நிறுவனத்திடம் கடனின் மீதித் தொகைக்குக் கணக்கு அறிக்கை கேட்டேன். அவர்கள் ஓடிபி அனுப்பும் எண் வளர்மதியுடையது. அந்த எண்ணை நான் மாதந்தோறும் ரீசார்ஜ் செய்துவருவது இதற்காக மட்டுமே. நிறுவனத்தில் எண்ணை மாற்ற விண்ணப்பம், கட்டணம், அலைச்சல்; ரீசார்ஜ் மலிவு.

போனைச் சார்ஜரில் போட்டு ஓடிபிக்காகக் காத்திருந்தபோது, பழைய அழைப்புகளின் பட்டியல் கண்ணில் பட்டது. வளர்மதி அதிகம் அழைத்த எண் "கேஸ் ஏஜென்சி". திங்கள் முதல் வெள்ளி வரை, பெரும்பாலும் முற்பகலில், எனக்கு வகுப்பு இருக்கும் வேளையில். மருத்துவமனையில் இருந்த நாட்களிலும். இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு இவ்வளவு சிலிண்டர் தேவைப்படுவதில்லை.

அறிக்கை கிடைத்தது. அதற்கும் கட்டணம்.

ஜூன் 24, திங்கள்

எதுவும் செய்யவில்லை. விடைத்தாள் திருத்தினேன். ஒருவன்கூடத் தேறவில்லை.

ஜூன் 27, வியாழன்

"கேஸ் ஏஜென்சி"யை அழைத்தேன். வளர்மதியின் போனிலிருந்தே அழைத்தேன். எண் அதில்தான் இருந்தது.

இரண்டாவது மணியில் எடுத்தார்கள். மறுமுனையில் யாரும் பேசவில்லை. மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, மிகவும் மெதுவாக, "யாரு?" என்று கேட்டாள்.

நான்தான் என்றேன். வீட்டுப் பத்திரம் சம்பந்தமாக ஒரு கையெழுத்துத் தேவைப்படுகிறது என்று சொல்லி, விவரத்தை ஒழுங்காக, வரிசையாக விளக்கினேன். அவள் இடைமறிக்கவில்லை. முடித்ததும் சொன்னாள்:

"இந்த நம்பர்ல இருந்து இனிமே கூப்பிடாதீங்க. என் நம்பரைக் குறிச்சுக்குங்க. உங்க போன்ல இருந்து கூப்பிடுங்க."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள். இறந்தவளின் எண்ணிலிருந்து அழைப்பது முறையல்ல என்பது எனக்குப் பிறகு தோன்றியது.

ஜூலை 4, வியாழன்

பதில் இல்லை. நானும் மறுபடி அழைக்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று.

கிஷோர் அழைத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை வந்துவிட்டதாகவும் வழக்கறிஞர் கருத்துக்காக மட்டுமே காத்திருப்பதாகவும் சொன்னார். தேதியை நினைவூட்டினார். தேதியை நான் மறந்ததாக ஒரு பாவனை அவர் குரலில் இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

துறைத் தலைவர் அறையில் தேநீர். கடன் மாற்றுவது பற்றிச் சொன்னேன். "பொண்ணு வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போறா, அதுக்கென்ன சார்? நம்ம வீட்டுப் பொண்ணுங்க எல்லாம் போட்டுத்தானே குடுக்குதுங்க. சீர் செஞ்சு அனுப்புறதே அதுக்குத்தானே," என்றார். சீர் எதுவும் செய்யப்படவில்லை என்பதை அவருக்குச் சொல்லவில்லை. பொண்ணு வருகிறாளா என்று மறுபடி கேட்டார். வகுப்பு இருக்கிறது என்று எழுந்துவந்தேன். வகுப்பு இல்லை.

ஜூலை 12, வெள்ளி

குறுஞ்செய்தி. "வியாழன் வர்றேன். 11 மணிக்கு. 2 மணிக்குக் கிளம்பணும்." கீழே பெயர் இல்லை.

இரண்டு மணிக்கு என்ன அவசரம் என்று கேட்கவில்லை. பள்ளி விடும் நேரம் அது அல்ல; சின்ன வகுப்புகளுக்கு ஒருவேளை இருக்கலாம்.

பத்திர எழுத்தர் பழனியப்பனைப் பார்த்து முன்பணம் கொடுத்தேன். வியாழன் என்றதும் காலண்டரைப் பார்த்தார். "ஆடி பொறந்துருதுங்களே சார். ஆடியில யாரும் பத்திரம் பதியறதில்லீங்க." வாங்குகிறவர்களுக்குத்தான் அந்தக் கவலை, இது விடுகிற பத்திரம் என்றேன். அவர் யோசித்துவிட்டு, கூட்டம் இருக்காது, டோக்கன் சீக்கிரம் கிடைக்கும் என்று ஒப்புக்கொண்டார்.

ஜூலை 18, வியாழன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

பத்தேமுக்காலுக்கே பழனியப்பனின் அறையில் இருந்தேன். சார் பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில், ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால். சொன்ன நேரத்துக்கு ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டிவந்தவன் இறங்கவில்லை, சாலைக்கு அப்பால், மரநிழலில் வண்டியை நிறுத்திக்கொண்டு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். அவள் மட்டும் உள்ளே வந்தாள். அதே பச்சைச் சுடிதார். வளர்மதியைக் கொண்டுபோன அன்று மயானத்து வாசலில் நின்றபோது மழையில் நனைந்து கறுத்துத் தெரிந்தது. வெயிலில் பார்த்தால் வெளிர்ப் பச்சை.

பழனியப்பன் நாற்காலி போட்டார். என் பக்கத்தில் போட்டார். அவள் அதை மேசையின் மறுபுறத்துக்கு நகர்த்தி உட்கார்ந்தாள். ஆதார் அட்டையை எடுத்து வைத்தாள். அதில் என் பெயர் இருந்த இடத்தில் இப்போது கணவன் பெயர் இருக்கிறது.

வரைவை அவர் உரக்கப் படித்தார். எழுதிப் பெறுபவர், நல்லசிவம். எழுதிக் கொடுப்பவர், மிருதுளா. "நம்மில் எழுதிப் பெறுபவர் எனக்குத் தகப்பனார் ஆவார்." சொத்து விவரம், நான்கு எல்லைகள். பிறகு எல்லா விடுதலைப் பத்திரத்திலும் வரும் வரி: "தங்கள் மீது எனக்குள்ள அன்பினாலும் பாசத்தினாலும், பிரதிபலன் ஏதும் பெறாமல்…"

"அண்ணா, அந்த வரிய எடுத்துடுங்க," என்றாள்.

"எந்த வரிங்க கண்ணு?"

"அன்பினாலும் பாசத்தினாலும்."

பழனியப்பன் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கட்டணப் பட்டியலைப் பார்த்தேன்.

"அது வழக்கமா வர்றதுதானுங்க. குடும்பத்துக்குள்ள எழுதறது. உறவு காட்டலீன்னா வெளியாள் ரேட்டு ஆயிருமுங்க, லட்சக்கணக்குல போயிரும்."

"உறவு இருக்கட்டும். ரேட்டு குறையணுமில்ல. அன்பு வேண்டாம்."

அவர் பேனாவை மூடினார், திறந்தார். பல ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறவர், ஆனால் இந்தத் திருத்தத்தை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலும். கடைசியில் பொறுமையாகவே விளக்கினார். "ஏதாச்சும் ஒண்ணு இருக்கோணும் கண்ணு. பாசத்துல விட்டேன்னு எழுதோணும், இல்லீன்னா இவ்வளவு பணம் வாங்கிட்டு விட்டேன்னு எழுதோணும். காரணமே இல்லாம விட்டேன்னு எழுதுனா நாளைக்கு பேங்க்காரங்க கேள்வி கேப்பாங்க."

"எவ்வளவு வேணாலும் போடலாமா?"

"தீர்வை எப்படியும் சொத்து மதிப்புக்குத்தானுங்க. வாங்கற தொகை உங்க இஷ்டம்."

அப்போதுதான் அவள் முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். வளர்மதியின் நெற்றி. கோபம் எதுவும் தெரியவில்லை. கணக்கு கேட்கிற முகம்.

"பேப்பர்ல போட்டீங்கல்ல. அதுக்கு எவ்வளவு ஆச்சு?"

நான்காயிரத்து எழுநூற்றைம்பது என்றேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன். வழக்கறிஞர் கட்டணம் தனி என்றும் சேர்த்தேன். கணக்கு முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக.

"வக்கீல் ஃபீஸ் வேண்டாம். அதை மட்டும் போடுங்கண்ணா."

பழனியப்பன் போட்டார். என்னிடம் ஐந்நூறு ரூபாய்த் தாள்களாக இருந்தன. ஐயாயிரம் கொடுத்தேன். அவள் எண்ணிப் பையில் வைத்தாள். பிறகு பையைத் துழாவி, மீதி இருநூற்றைம்பது ரூபாயை எடுத்து நீட்டினாள். பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பத்திரத்துல இருக்கறதுதான் வாங்கணும்," என்றாள்.

வாங்கிக்கொண்டேன்.

பதிவாளர் அறையில் கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள், விரலை அழுத்தச் சொன்னார்கள். அவள் பெருவிரல் இரண்டு முறை பதியவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சம்மதித்துத்தான் எழுதிக் கொடுக்கிறீர்களா என்று பதிவாளர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "ஆமாங்க சார்," என்றாள். தொகையைப் படித்துவிட்டு அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். முத்திரை குத்தினார்.

முடிந்தபோது ஒன்று இருபது. வெளியே வெயில். சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று பழனியப்பன்தான் சொன்னார். எங்கள் இருவரையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னார். நேரமாச்சுங்கண்ணா என்று அவரிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கடைசிப் படியில் நின்று திரும்பினாள்.

"அம்மா நம்பரை நிறுத்திடாதீங்க. நான் கூப்பிட மாட்டேன். இருக்கட்டும்."

சாலையைக் கடந்து போனாள். அவன் வண்டியைக் கிளப்பினான்.

நிறுத்துவதாக எனக்கு எண்ணமில்லை என்று நான் பதில் சொல்லவில்லை. ஓடிபிக்குத் தேவைப்படுகிறது என்று சொல்லியிருப்பேன். இன்னும் சில நாட்களில் அதுவும் தேவைப்படாது.

ஜூலை 19, வெள்ளி

எழுத்தர் கூலி, தீர்வை, பதிவுக் கட்டணம், கணினிக் கட்டணம், "ஆபீஸ் செலவு" என்று ரசீதில்லாத ஒரு தொகை. கூட்டினேன். முதல் இரண்டாண்டுகளில் வட்டியில் மிச்சமாவது அனைத்தும் இதற்குள் போய்விட்டது. நான்காயிரத்து எழுநூற்றைம்பதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று முடிவு செய்யவில்லை.

ஜூலை 24, புதன்

செண்பகவல்லி கருத்துரை வழங்கிவிட்டார். சொத்து முழுமையாக என் ஒருவன் பெயரில், வில்லங்கமின்றி, எவருடைய உரிமைக் கோரலுமின்றி இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். எவருடைய என்ற சொல்லுக்குக் கீழே கோடு. பத்திரத்தில் தொகையைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. போனில் மட்டும், "முடிஞ்சுதுங்களா சார்?" என்று கேட்டார். முடிந்தது என்றேன்.

ஜூலை 30, செவ்வாய்

கடன் மாறிவிட்டது. வீடு தங்கிவிட்டது. ஒரு நாள் மீதம் இருக்கையில்.

கிஷோரும் நானும் நிதி நிறுவனத்துக்குப் போனோம். அவர் காசோலையைக் கொடுத்தார், அவர்கள் அசல் ஆவணங்களை எடுத்துவந்தார்கள். பக்கம் குறையாமல் இருக்கிறதா என்று நான் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். வாங்கியபோது எழுதிய கிரயப் பத்திரத்தைப் பத்து ஆண்டுகளுக்குப் பின் இன்று மீண்டும் பார்த்தேன்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வளர்மதி. கடைசிப் பக்கத்தில் சாட்சிகள். இரண்டாம் சாட்சியாக வரவேண்டியவர் வர முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அவளுக்குப் பதினெட்டு முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. நான் போடுகிறேன் என்று வந்தாள். முதல் நாள் மாலை முழுவதும் என் பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகியிருந்தாள். நீலப் பேனா. மிருதுளா, த/பெ. நல்லசிவம்.

சாட்சி யாருடைய மகள் என்பதால் முத்திரைத் தீர்வையில் ஒரு ரூபாயும் குறைவதில்லை. இருந்தும் எழுதியிருக்கிறது.

"சரியா இருக்குங்களா சார்?" என்றார் கிஷோர்.

சரியாக இருக்கிறது என்று கையொப்பமிட்டேன். வங்கிக்குத் திரும்பியதும் எல்லாவற்றையும் ஒரு பழுப்பு உறையில் போட்டு, ஒட்டி, அரக்கு வைத்தார்கள். சென்னையில் உள்ள பெட்டகத்துக்கு இன்று மாலையே போகிறது. கடன் தீரும்போது திரும்பி வரும். இன்னும் ஒன்பது ஆண்டு.

கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கம் மட்டும் ஒரு நகல் வேண்டும் என்றேன்.

ஒட்டுவதற்கு முன்பே கேட்டிருக்கலாமே சார் என்று கிஷோர் வருந்தினார். ஒட்டிய உறையைத் திறக்க வேண்டுமென்றால் தனி விண்ணப்பம் கொடுக்க வேண்டும், தலைமை அலுவலகம் அனுமதிக்க வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு என்றார்.

கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன்.

இதுவரை யாரும் கேட்டதில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.